ஊரே பெரும்பள்ளி

(தியாகராய நகரில் ஆசிரியரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற பொழிவு)



2019ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரின் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. தமிழின் சொல்வளம் எத்துணைப் பெரிது என்பதை நிலைத்திணைப் பெயர்களைக் கொண்டே நிறுவுவது அக்கட்டுரை. வேம்பில் இருப்பது இலை. நெல்லில் இருப்பது தாள். கரும்பில் இருப்பது தோகை. பனையில் இருப்பது ஓலை. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னையின் பிஞ்சு குரும்பை. கண்ணால் உற்று நோக்கியவன், கையால் தொட்டு வளர்த்தவன், வாயாற் பெயரிட்டான். உழவரும் தோட்டத்தாரும் ஆக்கி அளித்த செல்வம் அது. புலவர் அதனைத் தொகுத்துக் காத்தனர்.

இன்று அச்சொற்களை மாணாக்கன் எங்ஙனம் கற்கிறான்? நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து, அடிக்கோடிட்டு, நெட்டுருச் செய்து, தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்து போகிறான். மூசு என்று பிழையின்றி எழுதுகிறான், பலாப்பிஞ்சைக் கண்டதில்லை. தாறு என்று எழுதுகிறான். தாற்றினின்று சீப்பு எவ்வாறு அறுக்கப்படுகிறது என்பதை அறியான். இத்தனைக்கும் மாம்பலத்துக் காய்கறித் தெருக்கள் கூப்பிடு தொலைவில் உள்ளன. அங்கே வாழைத்தாறு தொங்குகிறது. இளவேனிலில் மாவடு கூடை கூடையாக வந்திறங்குகிறது. பொங்கலுக்கு முன்னாள்களில் தோகை களையாத கரும்பு கட்டுக்கட்டாகச் சாத்தி வைக்கப்படுகிறது. பாடம் அங்கே கிடக்கிறது. மாணாக்கன் இங்கே கிடக்கிறான். இரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு மதிற்சுவர்.

அம்மதிலில் ஒரு வாயில் திறக்கப்பட வேண்டும் என்பதே இப்பொழிவின் பொருள். பள்ளி ஊருக்குள் செல்லவேண்டும். ஊர் பள்ளிக்குள் வரவேண்டும். ஆயின், அவ்வாயில் எப்பக்கம் திறக்கிறது என்பதில் தமிழர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1953இல் இந்நாட்டில் அத்தகைய வாயில் ஒன்று திறக்கப்பட்டது. அது பிள்ளைகளை உலகிற்குள் விடவில்லை. தந்தையின் பட்டறைக்குள் தள்ளியது. இவ்விரு வாயில்களையும் பிரித்தறியாதவர், ஒன்றை அஞ்சி மற்றொன்றையும் அடைத்துவிடுவர். அல்லது ஒன்றை விரும்பி மற்றொன்றுக்குள் விழுந்துவிடுவர்.

உல்லாசம் வேறு, கல்வி வேறு

வெளியே செல்லுதல் என்றவுடன் பள்ளிகள் பல செய்வது யாது? பெரிய பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்துகின்றன. பெற்றோரிடம் பெருந்தொகை பெறுகின்றன. ஊருக்கு வெளியே உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றிற் பிள்ளைகளை இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர். தொகை கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை அன்று பள்ளிக்கு வருவதில்லை. மறுநாள் தோழர் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து அமர்கிறது. கல்வியின் பெயரால் நிகழும் இதனினும் கொடிய தீண்டாமை யாது?

பிள்ளைகள் விளையாடட்டும், அதில் தவறில்லை. ஆனால் அது கல்வி அன்று. கற்பதற்காக வெளியே செல்வதெனின் தொலைவும் வேண்டா, செலவும் வேண்டா. இரண்டு கால்கள் போதும்; ஒரு குறிப்பேடு போதும்; கேட்பதற்கு ஒரு வினா போதும். தியாகராய நகரையே எடுத்துக்கொள்க. பட்டும் பொன்னும் வாங்க வருவோரின் நெரிசல் என்றே இதனை உலகம் அறியும். பிள்ளைகட்கு இஃது ஒரு பெரிய பாடநூல்.

காலடியில் ஓர் ஏரி

அந்நூலின் முதல் ஏடு காலடி நிலம். நூற்றைந்து ஆண்டுகட்கு முன் இந்நகர் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நெடுகக் கிடந்தது ஏரி. ஆங்கிலர் அதனை நீள் ஏரி என்ற பொருளிலேயே அழைத்தனர். 1920களில் அதன் தென்பகுதி வடிக்கப்பட்டுப் புதிய குடியிருப்பு வகுக்கப்பட்டது. அதுவே தியாகராய நகர். வடபால் இருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னர்த் தூர்ந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவ்வேரி நிலத்தின்மேல் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை, அஃதாவது ஏரியை நோக்கிய சாலை, இன்றும் அப்பெயரோடு உள்ளது. நோக்குவதற்கு ஏரிதான் இல்லை.

மாணாக்கர் பத்துப் பேர் ஒரு நிலப்படத்தோடு அச்சாலையிலிருந்து நடக்கத் தொடங்கட்டும். எத்தெரு மேடு, எத்தெரு பள்ளம் என்று குறித்துக்கொள்ளட்டும். வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து தியாகராய நகரை ஊடறுத்து நந்தனம் வழியே அடையாற்றிற் கலக்கும் மாம்பலம் கால்வாயைப் பின்தொடரட்டும். 2015 திசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெய்த மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஒவ்வொரு தெருவிலும் கடைக்காரரையும் முதியோரையும் வினவட்டும். அவர்கள் சுவரிற் கைவைத்துக் காட்டும் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதட்டும். மாலையில் அவ்வளவுகளைப் படத்தில் நிரப்பினால், மறைந்த ஏரியின் வடிவம் ஏட்டில் மெல்ல மெல்லத் தோன்றும்.

வெள்ளம் ஊருக்குள் புகுந்தது என்று பெரியோர் கூறுவர். ஏரி தன் இருப்பிடத்தைத் தேடி வந்தது என்று அப்பிள்ளை கூறும். எது அறிவு? கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால், நீர்ப்பிடிப்பு, ஆயக்கட்டு என்னும் சொற்கள் அன்றுதான் அதற்குப் பொருளுடையனவாகும். கலிங்கு என்பது மிகுநீரை வெளியேற்றும் வாய் என்பதைத் தேர்வுக்காகப் படிப்பது ஒன்று. கலிங்கில்லா ஊரில் மழை என்ன செய்யும் என்பதைக் கண்டபின் படிப்பது மற்றொன்று.

ஊரை அமைக்க வேண்டுமாயின் முதலில் ஊரை ஆராயவேண்டும் என்றும், அவ்வாராய்ச்சி பள்ளிப் பருவத்திலேயே தொடங்கவேண்டும் என்றும் வலியுறுத்திய மேனாட்டறிஞர் பாட்ரிக் கெடிசு. சுகாத்துலாந்து நாட்டின் எடின்பரோ நகரில் அவர் ஓர் உயர்ந்த கட்டடத்தைக் கல்விக்கூடமாக்கினார். உச்சி மாடத்தில் நின்றால் கண்முன் நகர் தெரியும். கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு தளத்திலும் நகர், நாடு, ஐரோப்பா, உலகம் என அறிவு விரியும். இவ்வறிஞர்க்கும் சென்னைக்கும் தொடர்புண்டு. 1914இல் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையைக் குண்டெறிந்து தாக்கிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்தது. வேறு பொருள்களைத் திரட்டி 1915இல் சென்னையில் அக்கண்காட்சி நடத்தப்பட்டது. அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்வதே அறிவின் வழி என்பது அவர் கொள்கை. தன் தெருவை அறியாப் பிள்ளைக்குத் தொலைநாட்டு ஆறுகளின் பெயரைப் புகட்டுவது தலைகீழ்ப் பாடம்.

தெருப்பலகை என்னும் வரலாற்று நூல்

இரண்டாம் ஏடு தெருப்பலகை. இந்நகரின் பெயரும் இதன் சாலைகள் பலவற்றின் பெயரும் நீதிக்கட்சி வரலாற்றின் பொருளடக்கம் போன்றவை. தியாகராயர், நாயர், நடேசனார், பனகல் அரசர், உசுமான் ஆகியோர் பெயரைப் பிள்ளைகள் நாளும் வழிகேட்கவே பயன்படுத்துகின்றனர். அவர்கள் யார் என்று கேட்டால் விழிக்கின்றனர்.

பனகல் பூங்காவின் முன் ஒரு வகுப்பு நடக்கட்டும். 1921இல் பனகல் அரசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே வகுப்புரிமை ஆணை பிறந்தது என்று ஆசிரியர் கூறட்டும். நடேசன் பூங்காவில் அமர்ந்து, 1916இல் வெளியூர் மாணாக்கர்க்கு உண்டியும் உறையுளும் கிடையாதிருந்த நிலையில் மருத்துவர் நடேசனார் திருவல்லிக்கேணியில் விடுதி தொடங்கியதைக் கேட்கட்டும். தியாகராயர் சாலையில் நின்று, 1920இல் அவர் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகட்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க முடிவு செய்யப்பட்டதை அறியட்டும். மாநகராட்சிப் பள்ளியில் இன்று காலையுணவு உண்ணும் பிள்ளை, தன் தட்டிற்கும் தன் தெருப்பெயருக்கும் உள்ள உறவை அன்று உணரும்.

பாண்டி பசார் எனப்படும் அங்காடியின் பெயரை எடுத்துக்கொள்க. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனாரின் பெயரே அவ்வாறு சுருங்கி வழங்குகிறது என்பர். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் தன்மதிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இராமநாதபுரம் மாவட்ட நாட்டாண்மைக் கழகத் தலைவராயிருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகளுக்கு எதிராக உறுதியாக நின்றவர். பேருந்தில் ஏறி அவ்வங்காடிக்கு வந்திறங்கும் பிள்ளைக்கு, ஏறுவதற்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது என்பது தெரியவேண்டாவா?

வரலாற்றின் மற்றோர் ஏட்டைத் திறக்க மாம்பலம் நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறினாற் போதும். அரைமணி நேரத்திற்குள் பல்லாவரம். 1863 மே 30ஆம் நாள், நிலவியலறிஞர் இராபர்ட்டு புரூசு பூட்டு அங்கேதான் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்நிலப்பரப்பின் தொன்மை ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த கல் அது. அதே பல்லாவரத்தில்தான் 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட மறைமலையடிகள் வாழ்ந்தார். தமிழ்நிலத்து முதுமாந்தன் செதுக்கிய கல்லும் தமிழ்மொழியைத் துலக்கிய சொல்லும் ஓரூரிற் கிடைக்கின்றன. அவ்வூருக்கு ஒருமுறையேனும் சென்றறியாத சென்னைப் பள்ளிகள் எத்தனை!

கைகளிடம் கற்றல்

மூன்றாம் ஏடு உழைப்பாளரின் கை. கட்டடம் எழும் இடமெல்லாம் ஒரு கணக்கு வகுப்பு நடக்கிறது. கொத்தனார் மூலையை எங்ஙனம் சரிபார்க்கிறார்? ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே நூல் பிடிக்கிறார். குறுக்களவு ஐந்தடியாக இருந்தால் மூலை நேர், இல்லையேல் கோணல். செங்கோண முக்கோணத் தேற்றத்தை எட்டாம் வகுப்பில் நெட்டுருச் செய்யும் பிள்ளை, அதனை நாள்தோறும் நூலாற் செய்து காட்டும் ஆசிரியர் சாரத்தின்மேல் நிற்பதை அறியாது. தூக்குக்குண்டு, மூலைமட்டம், இரசமட்டம், கொத்துக்கரண்டி, சாரம் என்று அவர் வாயிற் புழங்கும் சொற்களுள் எத்தனை பள்ளி நூல்களில் உள்ளன?

உசுமான் சாலையின் பொற்கடைகளில் இருபத்திரண்டு காரட்டு என்று எழுதி வைத்திருக்கின்றனர். இருபத்து நான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு பொன் என்பது அதன் பொருள். 22ஐ 24ஆல் வகுத்தால் நூற்றுக்கு 91.6 வரும். தமிழ்த் தட்டார் மரபில் மாசற்ற பொன் பத்தரை மாற்று. அவ்வாறாயின் இருபத்திரண்டு காரட்டுக்கு எத்தனை மாற்று? ஒன்பதும் அரைக்காலும் அரையும், அஃதாவது ஒன்பதே ஐந்தெட்டுக் கூறு. ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு, வணிக அறிவு, உரைகல், மாற்று, பற்றாசு என்னும் சொற்செல்வம் ஆகிய மூன்றும் ஒரு பட்டறை வாயிலில் ஒருங்கே கிடைக்கின்றன.

பூக்கட்டும் தாயிடம் அமர்ந்தால் அரும்பு எப்போது போதாகிறது, போது எப்போது மலராகிறது, நண்பகலில் தொடுத்த அரும்புச்சரம் மாலையில் ஏன் மணக்கிறது என்று விளங்கும். அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த ஊரூர்க் குப்பத்திற்கோ பட்டினப்பாக்கத்திற்கோ சென்றால், வடக்கிலிருந்து வீசும் வாடையையும், கிழக்கிலிருந்து வரும் கொண்டலையும், மேற்கிலிருந்து வரும் கச்சானையும் கடலோடிகள் கன்னத்திற் படும் காற்றைக் கொண்டே கூறுவர். சங்க நூல்களிற் பயிலும் வாடையும் கொண்டலும் அருஞ்சொற்பட்டியலில் உறங்கவில்லை, கட்டுமரத்தின்மேல் விழித்திருக்கின்றன. படித்தவர் கைவிட்ட தமிழைப் பாடுபடுவோர் கைவிடவில்லை. அவர்களிடம் சென்று கேளாத கல்வி, தன் முதலை வெளியே விட்டுவிட்டு வட்டிக்கு அலையும் கல்வியாகும்.

வள்ளுவர் கோட்டத்துக் கல்தேரின் உயரம் 128 அடி. அதனை ஏறி அளக்க வேண்டா. ஒரு மூன்றடிக் கோலை நட்டு, கோலின் நிழலையும் தேரின் நிழலையும் ஒரே வேளையில் அளந்தால், ஒத்த முக்கோணக் கணக்கு உயரத்தைச் சொல்லிவிடும். கணக்கு முடிந்தபின் மேலே சென்று, அங்குப் பொறிக்கப்பட்ட 1330 குறள்களில் தனக்குரிய ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் தேடிக் கண்டு எழுதி வரட்டும். கணக்கும் தமிழும் ஒரே காலையில் முடிந்துவிடும்.

குலக்கல்வி அன்று இது

ஈண்டு ஓர் ஐயம் எழும், எழவும் வேண்டும். பள்ளிப் பிள்ளையைக் கொத்தனாரிடமும் தட்டாரிடமும் அனுப்புவது பழைய குலக்கல்வியை மீண்டும் அழைப்பதாகாதா?

1953இல் இராசாசி முதலமைச்சராயிருந்தபோது ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் புகுத்தப்பட்டது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு பிரிவாகி, ஒரு பிரிவு முற்பகலிலும் மறுபிரிவு பிற்பகலிலும் வந்தனர். எஞ்சிய பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. வாழ்க்கையோடு இயைந்த கல்வி என்பது கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆயின் விளைவு யாது? நகரத்துப் பிள்ளைக்கு முழுநாட் பள்ளி. ஊர்ப்புறத்துப் பிள்ளைக்கு அரைநாட் பள்ளி. வண்ணார் மகன் எஞ்சிய பொழுதில் துறைக்கு. சக்கிலியர் மகன் தோலுக்கு. தந்தை எங்கே நின்றாரோ அங்கேயே பிள்ளையும் நிற்கவேண்டும் என்பதற்குக் கல்வி என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்?

பெரியார் அதனைக் குலக்கல்வி என்று சாடினார். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தன. 1953 சூலையில் முதலமைச்சர் இல்லத்தின் முன்னே மறியல் நடந்தது. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். மே 18இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இராசாசி வாழ்ந்த பசுலுல்லா சாலையும், காமராசர் வாழ்ந்து 1975 அக்டோபர் 2இல் மறைந்த திருமலைப்பிள்ளை சாலை இல்லமும் இத்தியாகராய நகரிலேயே உள்ளன. பிள்ளைகளை ஒரே காலையில் அவ்விரு சாலைகளுக்கும் நடத்திச் செல்லுங்கள். கல்வி பற்றிய இரண்டு கொள்கைகள் எதிரெதிர் நின்ற கதையை அங்கேயே சொல்லுங்கள். நினைவில்லமாக நிற்கும் காமராசர் வீட்டைக் காணும் பிள்ளை, பள்ளிக்கூடம் தனக்கு யாரால், எதற்கு எதிராகத் திறந்து வைக்கப்பட்டது என்பதை வாழ்நாளெல்லாம் மறவாது.

அக்கதை பழங்கதை அன்று. நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பையில்லாப் பத்து நாள்களை வகுத்து, தச்சர், தோட்டக்காரர், குயவர் முதலியோரிடம் பிள்ளைகள் பயிலவேண்டும் என்கிறது. 2023இல் அவ்வரசு தொடங்கிய விசுவகர்மா திட்டமோ, பதினெட்டு அகவையினரைக் குடும்பவழித் தொழிலை அடிப்படையாகக் கொண்டே பார்த்தது. குடும்பத் தொழில் என்னும் வரையறையை நீக்கவும், அகவை வரம்பை உயர்த்தவும் வேண்டி, 2024இல் தமிழ்நாட்டரசு அதனை அவ்வடிவில் ஏற்க மறுத்தது. ஆகலின், வெளியே செல்லும் கல்வி எதுவாயினும் தமிழர் அதனை மூன்று வினாக்களால் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதல் வினா: எல்லாப் பிள்ளையும் எல்லாத் தொழிலையும் காண்கின்றனரா? கொத்தனார் மகள் மருத்துவமனையையும் நூலகத்தையும் வழக்குமன்றத்தையும் காணவேண்டும். மருத்துவர் மகன் மூலைமட்டத்தையும் மீன்வலையையும் தொடவேண்டும். பிறப்பை நோக்கித் தொழிலைப் பங்கிட்டால் அது குலக்கல்வி. எல்லார்க்கும் எல்லாவற்றையும் காட்டினால் அது பொதுக்கல்வி.

இரண்டாம் வினா: அதனால் பாடநேரம் குறைகிறதா, பாடம் செறிகிறதா? குறைந்தால் அது பறிப்பு. கொத்தனாரைக் கண்டு வந்த பிள்ளை மறுநாள் முக்கோணத் தேற்றத்தை முன்னினும் ஆழமாகக் கற்றல் வேண்டும். தேற்றத்தைக் கைவிட்டுக் கரண்டி பிடித்தலன்று.

மூன்றாம் வினா: உழைப்பாளர் ஆசிரியராக மதிக்கப்படுகிறாரா? பிள்ளைகள் அவர்முன் அமர்ந்து ஐயா என்றும் அம்மா என்றும் விளித்துக் கேட்கவேண்டும். அன்றைய கூலியை அவர் இழந்தால் பள்ளி ஈடு செய்யவேண்டும். காட்சிப்பொருளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது கல்வியன்று; செருக்கு.

தொழிலைக் கற்பது வேறு. தொழிலிற் கட்டுவது வேறு. முன்னது கண்ணைத் திறப்பது. பின்னது காலைப் பிணிப்பது.

செய்யத்தக்கன

ஒவ்வொரு பள்ளியும் திங்களுக்கு ஒரு காலையை ஊருக்கென ஒதுக்கட்டும். ஓராசிரியர்க்குப் பதினைந்து பிள்ளைகட்கு மேல் வேண்டா. பெற்றோர் இருவர் உடன் வரட்டும். நடந்து செல்லத்தக்க தொலைவே முதலில் போதும். அதற்கெனக் கட்டணம் வாங்கக்கூடாது. நகரப் பேருந்தும் மின்தொடர்வண்டியும் செல்லாத இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை.

செல்லுமுன் ஆசிரியர் ஒருமுறை தனியே சென்று பார்த்து வருதல் வேண்டும். என்ன கேட்கலாம் என்று வகுப்பிற் பேசி, பிள்ளைக்கொரு வினாவாக எழுதிக் கொள்ளுதல் வேண்டும். வினாவின்றிச் செல்பவன் கண்ணிருந்தும் காணான். சென்ற இடத்தில் அளத்தல், வரைதல், கேட்டெழுதுதல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் செய்தல் வேண்டும். திரும்பியபின் மறுநாட் பாடம் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சென்று வந்தது உலாவே.

தலையாய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஊர்ச்சொற்பேரேடு வைக்கப்பட வேண்டும். தச்சர், கொத்தனார், நெசவாளர், மீனவர், பூக்கட்டுவோர், சமைப்போர் ஆகியோர் வாயினின்று கேட்ட சொல், அதன் பொருள், கேட்ட இடம், நாள் ஆகியவற்றைப் பிள்ளைகளே எழுதவேண்டும். 1974இல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கிப் பாவாணரை இயக்குநராக்கியது. 1981இல் மறையுந்துணையும் அவர் அப்பணியில் உழைத்தார். அம்மாபெரும் பணிக்கு மண்சுமக்கும் அணில்களாகப் பள்ளிப் பிள்ளைகள் ஆகலாம். வழங்குவோர் மறைந்தால் சொல்லும் மறையும். இயந்திரம் வந்தால் கருவிப்பெயர் மறையும். இன்று எழுதாத சொல்லை நாளை எந்த நூலகத்திலும் தேடிப் பெறமுடியாது.

இவையெல்லாம் நடவாத கனவு என்போர் தென்கோடியிலுள்ள இராமநாதபுர மாவட்டத்தை நோக்குக. திருப்புல்லாணியில் ஓர் அரசு மேனிலைப் பள்ளி. அங்கே தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று அமைக்கப்பட்டது. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலித்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பயிலும் அப்பள்ளியின் மாணாக்கர், பழந்தமிழ் எழுத்துகளைப் படிக்கப் பயின்றனர். கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கற்றனர். தம் ஊர்ப்புறங்களிற் சுற்றிப் பானையோடுகளையும் பழம்பொருள்களையும் கண்டறிந்து வெளிப்படுத்தினர். பல பட்டதாரிகட்கும் எட்டாத கல்வெட்டெழுத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எட்டியது. அதற்குத் தேவைப்பட்டது பெரும்பொருளன்று. ஊரைப் பாடமாக எண்ணிய ஆசிரியர் உள்ளம். அப்பிள்ளைகளுக்கு அவ்வறிவு தந்தை வழியாக வந்ததன்று. கல்வெட்டைப் படிப்பது எக்குலத்தின் தொழில்? கற்றவர் தொழில். வெளியே செல்லும் கல்வி பிள்ளையை உயர்த்துமா, தாழ்த்துமா என்னும் வினாவிற்குத் திருப்புல்லாணி கண்கூடான விடை.

பெற்றோரே! மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. கண்டதைப் படித்தவன் மறவான்; காணாததைப் படித்தவன் தேர்வு மண்டபத்து வாயிலிலேயே மறப்பான். பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் என்ன மதிப்பெண் என்று மட்டும் கேளாதீர். இன்று என்ன கண்டாய், யாரிடம் கேட்டாய், அவர் அதற்கு என்ன பெயர் சொன்னார் என்றும் கேளுங்கள்.

ஆசிரியப் பெருந்தகையீர்! வரும் திங்களில் ஒருநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்கு வெளியே அழைத்து வந்து நிறுத்துங்கள். நிற்கும் நிலம் முன்பு என்னவாயிருந்தது, நிற்கும் தெருவுக்கு ஏன் இப்பெயர், எதிரே உழைப்பவரின் கையிலுள்ள கருவிக்குத் தமிழில் என்ன பெயர் என்னும் மூன்று வினாக்களை மட்டும் கேளுங்கள். மூன்றிற்கும் விடை கூறும் பிள்ளை தமிழ்நாட்டைக் காக்கும். விடை தெரியாத பிள்ளைக்கு அவ்விடையைத் தேடித்தரும் கடமை அங்கேயே, அத்தெருவிலேயே தொடங்குகிறது.